ஒற்று மிகும் இடமும் மிகா இடமும்

சென்ற தவணையில் ஒரு நாள் உயர்தர வகுப்பு மாணவருக்குத் திருக்குறளின் 59 ஆம் அதிகாரமாகிய ஒற்றாடலைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். அரசனுக்குக் கண்கள் இரண்டு என்றும், அவற்றுள் ஒன்று ஒற்று என்றும் அதிகாரத்தின் முதற்பாவிலே வள்ளுவர் கூறுவதை விளக்கிக்கொண்டிருக்கையில், பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"சேர், ஒற்றன் அரசனுக்குக் கண் எண்டு வள்ளுவர் சொல்லுறார். எங்கட அம்மம்மா சி.ஐ.டி. எண்ட சொல்லைக் கேட்டாலே படலையைச் சாத்திப்போட்டு உள்ளுக்கு வந்திடுவா. அப்ப ஆர் சொல்லுறது சரி?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அதிகாரத்தைப் பல்லாண்டாகப் படிப்பித்து வருகிறேன். பொழிப்புரை சொல்லி, இலக்கணக் குறிப்பெழுதுவித்து, பரீட்சை வினாவிற்கு விடையும் தந்திருக்கிறேன். எங்கள் வகுப்பறைச் சாளரத்தைத் திறந்தால் உட்துறைமுகத்தின் ஒரு கீற்றும் அதற்கப்பால் கடற்படைத் தளத்தின் மரச்செறிவும் தெரியும். இந்தச் சாளரத்தின் அருகே நின்றுகொண்டே அந்த அதிகாரத்தை இத்தனை ஆண்டு படிப்பித்த நான், அச்சிறுமி கேட்ட வினாவை ஒருமுறையேனும் என்னையே கேட்டதில்லை. அன்று அவளுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாது போனதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நூலிலிருந்தே தொடங்குவோம். அப்பாவிலே ஒற்றை ஒரு கண்ணாகச் சொன்ன வள்ளுவர், மற்றைக் கண்ணாக எதனைச் சொன்னார்? புகழ் வாய்ந்த நூலைச் சொன்னார். நூலென்றது நீதிநூலை என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். நாம் பெரும்பாலும் ஒற்றை எடுத்துக்கொண்டு நூலை விட்டுவிடுகிறோம். இரண்டையும் ஒருங்கே வைத்தாரன்றி ஒற்று மட்டும் போதும் என்று அவர் எங்கும் சொன்னாரில்லை. அதிகார முறைமையையும் சற்று நோக்குக. செங்கோன்மை 55 ஆவது. கொடுங்கோன்மை 56 ஆவது. குடிகள் அஞ்சத்தக்கன செய்யாமையைக் கூறும் வெருவந்த செய்யாமை 57 ஆவது. கண்ணோட்டம் 58 ஆவது. இந்நான்கையும் கடந்து வந்த அரசனிடமே ஒற்றரை ஒப்படைக்கிறார் வள்ளுவர். குடிகளை அச்சுறுத்தாதே என்று சொல்லி, அவர்பால் இரக்கங் கொள் என்று சொல்லி, அதன் பின்னரே உளவறியச் சொல்கிறார். இவ்வைப்பு முறை தற்செயலானது என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஒற்று என்னும் சொல் தமிழாசிரியனுக்கு இன்னொரு வகையிலும் தொல்லை தருவது. மாணவரின் கட்டுரைகளில் நான் சிவப்பு மையால் திருத்துவனவற்றுட் பாதி ஒற்றுப் பிழையே. 'வேலை கொடு' என்றால் தொழில் தா என்பது பொருள். இடையே ஒரு ககர ஒற்றைப் புகுத்தி 'வேலைக் கொடு' என்று எழுதிவிட்டால் ஆயுதத்தைக் கேட்டதாக முடிந்துவிடும். ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகாமையும், மிகலாகாத இடத்தில் மிகுதலும் ஆகிய இரண்டும் பிழையே. எழுத்தைப் பற்றிய இவ்விதியை நாட்டுக்குச் சொல்வது வெறுஞ் சொல்விளையாட்டு என்று எவரேனும் எண்ணினால், எம் தீவில் அண்மைக்காலத்தில் நிகழ்ந்த இரண்டு காரியங்களை அவர் முன்னே வைக்கிறேன்.

மிகவேண்டிய இடத்தில் மிகாத ஒற்றைப் பற்றிச் சொல்லுமுன், எங்கள் ஊர் முதியோர் வாய்வழியே கேட்ட பழங்கதை ஒன்றைச் சொல்லவேண்டும். 1942 ஏப்ரல் 4 ஆந் திகதி, கொக்கலையிலிருந்து பறந்த கற்றலீனா விமானமொன்றில் இருந்த பேர்ச்சல் என்னும் கனடிய விமானி, தெற்கே ஆழ்கடலில் யப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டார். கண்டதை வானொலியில் அறிவித்துக்கொண்டிருக்கையிலேயே அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது; அவர் சிறைப்பட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. அன்று காலை கொழும்பின்மேற் குண்டு விழுந்தபோது காவற்படைகள் ஆயத்தமாக இருந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பல முன்னரே வெளியேறிவிட்டன. நான்கு நாட் கழித்து, 9 ஆந் திகதி, திருகோணமலையின் முறை வந்தது. இங்கும் முன்னாளிரவே எச்சரிக்கை கிடைத்துத் துறைமுகத்தை வெறிதாக்கினர். எச்சரிக்கை வந்தால் எல்லாம் தப்பும் என்பதன்று. அவ்வாறு வெளியேறிய ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், காவல் விமானமின்றி மட்டக்களப்புக் கடலில் அகப்பட்டு, முந்நூறுக்கு மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கியது. ஆயினும் ஒருவன் கண்டான், சொன்னான். கேட்டவர்கள் சில மணி நேரத்துள் எழுந்து நடமாடினார்கள்.

எழுபத்தேழு ஆண்டு கழித்து, அதே ஏப்ரல் 4 ஆந் திகதி, மற்றொரு செய்தி இத்தீவை வந்தடைந்தது. 2019 ஆம் ஆண்டு. தேவாலயங்களைத் தாக்கத் திட்டமிடப்படுகிறது என்று வெளிநாட்டு உளவுத்துறை ஒன்று எங்கள் அரச புலனாய்வுச் சேவைக்கு அறிவித்தது. அச்சேவையின் தலைவர் 7 ஆந் திகதி தேசிய புலனாய்வுத் தலைமை அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். அவர் 9 ஆந் திகதி பொலிஸ் மா அதிபருக்கு எழுதினார். 11 ஆந் திகதி வேறொரு கடிதம் பொலிஸ் பிரிவுகள் சிலவற்றுக்குச் சென்றது. 16 ஆந் திகதி காத்தான்குடிக்கு அண்மையில் ஒரு மோட்டார் சைக்கிளை வெடிக்கவைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 20 ஆந் திகதி மறுபடியும் எச்சரிக்கை வந்தது. 21 ஆந் திகதி உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று விடுதிகள். 260 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். சீயோனில் இறந்தோரிற் பலர் ஞாயிறு மறைப்பாடசாலைக்கு வந்த குழந்தைகள்.

கடிதத்தின்மேற் கடிதம் போயிற்று, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒற்றர் காணவில்லை என்று சொல்லமுடியாது. கண்டார்கள், கண்டது அலுவலகத்துக்கு அலுவலகம் தாளில் ஊர்ந்தது. நிகழ்வனவற்றை விரைந்து அறிதல் வேந்தன் தொழில் என்ற கருத்தை அதிகாரத்தின் இரண்டாம் பாவிற் காண்கிறோம். அவ்வேளை எங்கள் நாட்டில் வேந்தனே இரண்டுபட்டிருந்தான். 2018 ஒக்ரோபரில் ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையே மூண்ட பிணக்கின் பின், பிரதமரும் பொலிஸ் மா அதிபரும் தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அழைக்கப்படவில்லை. ஒற்றர் கொணர்ந்ததைக் கேட்கவேண்டியவர்கள் ஒரே மண்டபத்தில் ஒருங்கே அமர்ந்திருக்கவில்லை. பாராளுமன்றத் தெரிவுக்குழு இதனை 2019 ஒக்ரோபரில் விரிவாக எழுதியது. தாக்குதலின் தலைவனைப் பற்றிய விசாரணையை ஒரு சேவையே தனக்கென வைத்துக்கொண்டமையும் அங்கே பேசப்பட்டது. ஒரு ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்கச் சொன்ன நூலை நாம் பரீட்சைக்கு மட்டுமே படித்தோம் போலும்.

2023 சனவரி 12 இல் உயர் நீதிமன்றத்தின் எழுவர் ஆயம் தீர்ப்பளித்தது. பாதுகாப்பு அமைச்சைத் தம்மிடம் வைத்திருந்த முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், பொலிஸ் மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தனவும் தலைக்கு ஏழரைக் கோடியும், பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாந்து 5 கோடியும், தேசிய புலனாய்வுத் தலைமை அதிகாரியாக இருந்த சிசிர மென்டிஸ் ஒரு கோடியும் தம் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடு செலுத்தவேண்டும் என்றது. உளவு அறிந்தும் வாளாவிருந்தமைக்கு நாட்டுத் தலைவனையும் ஒற்றர் தலைவனையும் ஒரே தட்டில் வைத்துக் கேள்வி கேட்ட தீர்ப்பு அது. மன்றுக்கு அதைக் கொண்டுவந்தோர் உறவினரை இழந்த சாதாரண மனிதரும் அவர்களுக்காக நின்ற சிலருமே. மன்னனுடைய அவைக்கு ஒரு சிலம்போடு போனவளின் கதை தமிழருக்குப் புதிதன்று.

இனி, மிகா இடத்தில் மிகுந்த ஒற்று.

இங்கே என் சொந்தக் கதையைச் சிறிது சொல்லவேண்டியிருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்திலே, பண்டிதர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு விடியற்காலை எங்கள் பகுதியைச் சுற்றிவளைத்தார்கள். ஆண்களையெல்லாம் விளையாட்டுத் திடல் ஒன்றிற் கூட்டி வரிசையாக நிறுத்தினார்கள். வாகனம் ஒன்றினுள்ளே தலையிற் சாக்குப் போட்ட ஒருவன் இருந்தான். சாக்கில் இரண்டு துளைகள். தலையாட்டி என்று ஊரார் அவனுக்கு இட்ட பெயரை விளக்கவேண்டியதில்லை. ஒவ்வொருவராக அவன்முன் நடந்தோம். என்னைப் பார்த்து அவன் தலை அசையவில்லை. எனக்குப் பின்னால் வந்தவன் என்னோடு ஒரே வாங்கிற் படித்தவன். அவனைக் கண்டு அத்தலை அசைந்தது. அதற்குமேல் எவரும் எதுவும் கேட்கவில்லை. அவன் பின்னர் வீடு திரும்பவில்லை.

சாக்கினுள்ளே இருந்தவன் யார், எவ்வளவு அடி வாங்கியபின் அங்கே இருத்தப்பட்டான், பழைய பகை ஏதும் இருந்ததா, அல்லது கழுத்து நொந்துதான் அசைந்ததா? இன்றுவரை எவருக்கும் தெரியாது. அன்றிரவு வீட்டில், நான் படித்து முடிக்கவேண்டியிருந்த பாடம் சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதை. பாண்டியன் செய்தது என்ன? பொற்கொல்லன் ஒருவன் வந்து சொன்னான், அரசன் நம்பினான், காவலரை ஏவினான். கோவலனைக் கண்ட காவலர் இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்கியதையும், அத்தயக்கத்தைப் பொற்கொல்லன் பேசிப் பேசிக் கலைத்ததையும் இளங்கோ எழுதியிருக்கிறார். கண்ணெதிரே கண்டவர்களுக்கு இருந்த ஐயம், காணாமலே ஆணையிட்டவனுக்கு இருக்கவில்லை. ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தாலன்றித் தெளியாதே என்று வள்ளுவர் சொன்னதற்கு உரை எழுதச் சொன்னால், நான் மதுரைக் கதையைத்தான் எழுதுவேன். கௌடலியரும் மூவர் சொல் ஒத்தல் வேண்டும் என்றே விதிக்கிறார். வடமொழியும் தென்மொழியும் ஒருங்கே சொன்ன அந்த எச்சரிக்கை, ஒரு சாக்குத் துணியின் முன்னே பயனற்றுப் போயிற்று.

ஒற்றுக்கும் தண்டனைக்கும் இடையே இருக்கவேண்டிய தூரம் அன்று அறவே இல்லாதிருந்தது. ஒற்றாடல் முழுவதையும் மீண்டும் படித்துப் பார்த்தேன். ஒற்றன் ஐயுறாத தோற்றத்தோடு செல்வான், துறவி வேடமும் பூணுவான், மறைந்தவற்றைக் கேட்டறிவான், அகப்பட்டு வருந்தினும் தன்னை வெளியிடான். இவ்வளவையும் சொன்ன வள்ளுவர், ஒற்றன் பிடிப்பான், அடைப்பான், ஒறுப்பான் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. கண்ணென்று சொன்னவர் கையென்று சொன்னாரில்லை. இக்காலத்து மேனாட்டாரும் பட்டறிந்து இவ்விடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். நாற்சிப் படையின் இரகசியப் பொலிசால் அல்லலுற்ற ஜேர்மனியில், 1950 இல் அரசியலமைப்பைக் காக்கும் உளவு அலுவலகத்தை நிறுவியபோது, அதற்குக் கைதுசெய்யும் அதிகாரம் கொடாது பொலிசினின்றும் பிரித்து வைத்தார்கள். பிரித்தானிய உள்நாட்டு உளவுச் சேவைக்கும் எவரையும் கைதுசெய்யும் உரிமை இல்லை. இந்தியாவின் உளவுப் பணியகத்துக்கும் இல்லை.

எங்கள் துறைமுகத்தின் கதையோ வேறு. 2008 இலும் 2009 இலும் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பதினொருவர் கடத்தப்பட்டனர். அவர்களைக் கடத்தி மறைத்து வைத்ததாகக் கடற்படையினர் சிலர்மேற் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணை நடத்தியது. அந்த விசாரணையில் அடிபட்ட இடங்களுள் ஒன்று திருகோணமலைக் கடற்படைத் தளத்தினுள்ளே 'கன்சைட்' என்று வழங்கிய நிலவறை. 2015 நவம்பரில், காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஐக்கிய நாடுகள் செயற்குழுவினர் இத்தீவுக்கு வந்தபோது அவ்விடத்தைச் சென்று பார்த்தார்கள். இரகசியத் தடுப்பறைகள் இருந்தன என்று உலகுக்குச் சொன்னார்கள். சுவரிலே கீறப்பட்டிருந்த குறிப்புகளைக் கொண்டு, போர் முடிந்த பின்னர், 2010 இலும் அங்கே மனிதர் அடைக்கப்பட்டிருந்தனர் என்றார்கள். வழக்குத் தொடரப்பட்டது, 2021 இல் முன்னாள் கடற்படைத் தளபதி ஒருவர் தொடர்பில் வழக்கை முன்னெடுப்பதில்லை எனச் சட்டமா அதிபர் மன்றுக்கு அறிவித்தார். குற்றம் யாருடையது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அது மன்றின் கடன். என் மனத்தை அறுப்பது வேறொன்று. சாளரத்தைத் திறந்து வைத்து ஒற்றாடலைப் படிப்பித்துக்கொண்டிருந்த அக்காலத்தில், கண் பார்த்த திசையிலே சுவரைக் கீறிக்கொண்டு எவனோ ஒருவன் இருந்திருக்கிறான்.

இது ஒற்றாடலே அன்று என்று சிலர் வாதிடுவர். சில கயவரின் செயல் என்பர். இருக்கலாம். ஆயின் அச்செயலை இத்தனை காலம் ஒளித்துவைத்தது எது? உளவு என்றால் எவரும் வினவலாகாது என்ற வழக்கமே. 1984 இல் தேசிய புலனாய்வுப் பணியகம் என்ற பெயரில் ஒரு நிறுவனம் எழுந்தது. பின்னர் அது அரச புலனாய்வுச் சேவையாயிற்று. குண்டுகள் வெடித்த 2019 இலும் அச்சேவைக்கெனப் பாராளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம் ஒன்று இருக்கவில்லை. யாரை எப்போது கண்காணிக்கலாம், எவரிடம் சொல்லவேண்டும், பிழைத்தால் எவர் கேட்பார் என்று எழுதிய ஏடு இல்லை. இருந்தவை 1955 இன் அரச இரகசியச் சட்டமும் 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டமும்; அவை மூடுவதற்கும் பிடிப்பதற்கும் உதவுவன. ஒரு கண் திறந்தும் மற்றைக் கண் குருடாகவும் நாற்பதாண்டு நடந்தோம்.

இக்குறை எமக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியரின் உள்நாட்டுச் சேவை 1909 இல் தோன்றியது. அதற்கென ஒரு சட்டம் பிறந்தது 1989 இலேதான். பாராளுமன்றத்தார் மேற்பார்வை செய்யும் குழு 1994 இலே வந்தது. அமெரிக்காவில் உள்நாட்டுப் புலனாய்வுப் பணியகம் 1956 தொடக்கம் 1971 வரை தன் சொந்தக் குடிமக்களின் இயக்கங்களைக் குலைக்கச் சூழ்ச்சித் திட்டமொன்றை நடத்தியது. மார்ட்டின் லூதர் கிங்கின் உரையாடல்களையும் ஒட்டுக்கேட்டது. 1975 இல் செனற் சபையின் குழுவொன்று அதை வெளிக்கொணர்ந்த பின்னரே கடிவாளம் வந்தது. இந்தியப் பணியகம் 1887 இல் ஆங்கிலேயர் காலத்தில் வேர்கொண்டது, 2011 இல் மணீஷ் திவாரி என்னும் உறுப்பினர் அதனைச் சட்டத்தினுள் கொணரத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. ஒற்றர் அரசனிடம் விரைந்து வருகிறார்கள். நூல் எங்கும் பிந்தியே வருகிறது.

இந்த இடத்தில் வள்ளுவரோடு எனக்கு ஒரு சிறு பிணக்கும் உண்டு, மறைப்பானேன்? எல்லாரிடத்தும் நிகழ்வன எல்லாவற்றையும் எந்நாளும் அறியச் சொல்கிறார். முடிமன்னனுக்கு அது பொருந்தலாம். குடியாட்சியில் வேந்தன் யார்? படலையைச் சாத்துகின்ற அம்மம்மாவும் வேந்தனின் ஒரு பங்கு. வேந்தனையே வேவு பார்க்கும் ஒற்றன் யாருக்கு ஒற்றன்? அவரே பிறிதொரு பாவில், வேவு பார்க்கப்படவேண்டியோரை எண்ணும்போது, அரசின் வினை செய்வோரை முதலிலும், அரசனின் சுற்றத்தாரை அடுத்தும், பகைவரை இறுதியிலும் வைத்தார் என்பது எனக்கு ஆறுதல். எங்கள் நாட்டிலே அவ்வரிசை தலைகீழாயிற்று. அதிகாரிகளும் ஆட்சியாளரின் உறவினரும் கண்ணிற் படவில்லை. நினைவேந்தலுக்கு விளக்கேற்றிய தாயின் வீட்டு வாசலிலேதான் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

ஒற்றே வேண்டாம் என்பாரோடும் நான் சேரமாட்டேன். சீயோன் தேவாலயத்தில் இறந்த குழந்தைகளின் பெற்றோரிடம் போய் அதைச் சொல்ல என் நா எழாது. ஒற்றரை வெளிப்படச் சிறப்பித்தல் ஆகாது, அது மறைபொருளை நாமே புறத்திடுவதாகும் என்பதே அவ்வதிகாரத்தின் முடிவு. மறைபொருள் வேண்டுவதே. ஒற்றன் பெயரும் அவன் வழியும் மறைவாக இருக்கட்டும். அவனை ஆளும் விதி ஏன் மறைவாக இருக்கவேண்டும்? புணர்ச்சி விதிகளை நன்னூலார் எல்லாரும் படிக்க எழுதிவைத்தார். அதனால் எந்த ஒற்றும் வலியிழந்ததாகத் தெரியவில்லை.

இவற்றுள் ஒரு பாதியையே அன்று வகுப்பிற் சொன்னேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. கண்ணுக்குக் கை கொடாத சட்டம் ஒன்று, எதிர்க்கட்சியாரும் அமர்ந்து கேள்வி கேட்கும் குழு ஒன்று, பிழையாகத் தலையாட்டப்பட்டவன் போய் முறையிட ஓர் இடம், இவை அமைந்தால் வள்ளுவரும் உன் அம்மம்மாவும் ஒரு பக்கம் நிற்பார்கள் என்று அந்த மாணவியிடம் சொல்லி அனுப்பினேன். மறுநாள் அவள் வந்து சொன்னாள்:

"அம்மம்மாட்டச் சொன்னனான் சேர். 'அந்தச் சட்டம் வரட்டும், வாசிச்சுப் பாப்பம். அதுமட்டும் படலை சாத்தினபடியே கிடக்கட்டும்' எண்டவா."